அப்பா வீட்டைக் குறைந்த விலைக்குத் தருகிறார். எப்படி எழுதி வாங்குவது?

வேலூரிலிருந்து 43 வயதுப் பெண் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி அதைச் சுருக்கித் தருகிறேன்.

அவர் மருத்துவமனை ஒன்றில் செவிலியர். கணவர் காட்பாடியில் டூ வீலர் பட்டறை வைத்திருக்கிறார். அப்பாவுக்கு 76 வயது, அரசு ஓய்வூதியர். அம்மாவுக்கு 70. சத்துவாச்சாரியில் வீட்டு வசதி வாரியம் கொடுத்த மனையோடு கூடிய வீடு, 1986-இல் அப்பா பெயருக்கு ஒதுக்கீடானது. தவணை கட்டி முடித்தவர் அப்பா. 2006-இல் மேல்மாடி கட்டியபோது பெங்களூரில் இருக்கும் அண்ணன் 3 லட்சம் கொடுத்தார். ஆரணியில் கட்டிக்கொடுத்த தங்கை ஒருத்தி இருக்கிறாள். ஆறு வருடங்களுக்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்ததிலிருந்து, இவர் குடும்பத்தோடு அந்த வீட்டிலேயே இருந்து இருவரையும் பார்த்துக்கொள்கிறார்.

அப்பாவுக்கு 11 லட்சம் கடன் இருக்கிறது. தங்கை கல்யாணத்துக்கு வாங்கியதும் அம்மாவின் வைத்தியத்துக்கு வாங்கியதுமாகச் சேர்ந்தது. வீட்டை விற்றுவிடலாம் என்று பேச்சு வந்தபோது, புரோக்கர் 80 லட்சம் போகும் என்றிருக்கிறார். அப்பாவோ, "வெளியாளுக்கு எதுக்கும்மா? 35 லட்சம் குடுத்துட்டு நீயே எடுத்துக்கோ. நாங்க எங்க போறோம், இங்கதானே இருக்கப் போறோம்" என்று சொல்லிவிட்டார். இவரிடம் 10 லட்சம் இருக்கிறது. மீதி 25 லட்சத்துக்கு வங்கிக் கடன். பத்திரத்தில் 20 லட்சம் என்று காட்டி, மீதியைக் கையில் கொடுத்தால் பதிவுச் செலவு குறையும் என்று பத்திர எழுத்தர் யோசனை சொல்லியிருக்கிறார். பதிவுக்காக அரசு நிர்ணயித்திருக்கும் வழிகாட்டி மதிப்பு, கட்டடத்தையும் சேர்த்து 54 லட்சம். "அண்ணனிடமும் தங்கையிடமும் பதிவு முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாமா? காசு கொடுத்து வாங்கினால் அவர்கள் பிறகு கேட்க முடியாதல்லவா? விலை குறைத்து வாங்கினால் அந்த வித்தியாசத்துக்கு எனக்கு வருமான வரி வருமா?" என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது. "நான் அவர்களை ஏமாற்றுகிறேனோ என்று ராத்திரி தூக்கம் வருவதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் ஏமாற்றவில்லை. பெற்றவர்கள் தங்கள் வீட்டைப் பிள்ளைகளில் ஒருவருக்குக் குறைந்த விலைக்குக் கொடுப்பது சட்டத்துக்கு விரோதமே இல்லை. விலை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக எந்த ஒப்பந்தமும் செல்லாமல் போகாது என்று இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆம் பிரிவே சொல்கிறது. ஆனால் அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: கொடுத்தவர் மனமொப்பித்தான் கொடுத்தாரா என்று பார்க்கும்போது, விலை குறைவையும் நீதிமன்றம் கணக்கில் எடுக்கலாம். உங்கள் விஷயத்தில் எல்லாம் இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறது. 80 லட்சம் வீட்டை 35 லட்சத்துக்குத் தருகிறார் என்றால், மீதி 45 லட்சம் அப்பா உங்களுக்குத் தரும் கொடை. அதைக் கொடை என்றே காகிதத்திலும் எழுத வேண்டும், உடன்பிறந்தவர்களுக்கும் தெரிய வேண்டும். விலைக்குள் மறைத்து வைத்தால்தான் பின்னால் சிக்கல்.

முதலில் மூலப்பத்திரம்

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைப் பாருங்கள். வாரியத்தின் ஒதுக்கீட்டு ஆணையும் பணம் கட்டிய ரசீதுகளும் பத்திரமாக இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். கிரயப் பத்திரம் பற்றி ஒரு சொல் இல்லை. ஒதுக்கீட்டு ஆணை கையில் இருப்பதாலேயே வீடு அப்பாவுக்குச் சொந்தமாகிவிடாது. தவணை முடிந்து, இறுதி விலை கணக்கிட்டு, வாரியம் அப்பா பெயருக்குக் கிரயப் பத்திரம் பதிந்து கொடுத்திருக்க வேண்டும். வாரியக் குடியிருப்புகளில் தவணை முடித்து, ரசீதுகளைப் பீரோவில் பூட்டிவைத்துவிட்டு, கிரயம் வாங்காமலே இருப்பவர்கள் நிறையப் பேர். அப்பாவும் அப்படித்தான் என்றால், வேலூர் வீட்டு வசதிப் பிரிவு அலுவலகத்தில் பாக்கி ஏதும் இருக்கிறதா என்று கேட்டு, முதலில் அவர் பெயருக்குக் கிரயம் வாங்குங்கள். அதுவரை அவர் யாருக்கும் விற்க முடியாது. எந்த வங்கியும் கடன் தராது.

கிரயம் இருக்கிறது என்றால், வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். கடன் எதற்காவது வீட்டை அடமானம் வைத்திருந்தால் அதில் தெரியும். பழைய காகிதங்களில் 'வட ஆற்காடு மாவட்டம், சத்துவாச்சாரி கிராமம்' என்று இருக்கும். மாவட்டம் 1989-இல் பிரிந்தது. சத்துவாச்சாரி 2011-இல் மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆகவே சர்வே எண், வார்டு, கதவு எண் எல்லாம் பழையதும் புதியதுமாகப் புதுப் பத்திரத்தில் வர வேண்டும். பட்டாவும் சொத்து வரி ரசீதும் அப்பா பெயரில் ஒரே மாதிரி எழுத்தில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். 2006-இல் கட்டிய மேல்மாடிக்கு வரி போடப்பட்டிருக்கிறதா, கட்டட அனுமதி வாங்கப்பட்டதா என்று வங்கியின் வழக்கறிஞர் கேட்பார்.

பத்திரத்தில் 20, கையில் 15: வேண்டவே வேண்டாம்

பத்திர எழுத்தர் சொன்னது தவறான யோசனை. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் நீங்கள் எழுதும் விலைக்கா, வழிகாட்டி மதிப்புக்கா என்றால், எது அதிகமோ அதற்கு. நீங்கள் 20 எழுதினாலும் 35 எழுதினாலும் 54 லட்சத்துக்குத்தான் கட்ட வேண்டும். தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 4 லட்சத்து 86 ஆயிரம். இதில் ஒரு ரூபாய்கூட மிச்சமாகாது. குறைத்துக் கட்டினால் பத்திரம் நிலுவையில் நிற்கும், முத்திரைத் தனித் துணை ஆட்சியருக்குப் போகும். பெண் பெயரில் பதிந்தால் ஒரு சதவீதம் குறையும் என்று கேள்விப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அது 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்துக்கு மட்டும்.

மிச்சமாகாதது ஒரு பக்கம். ஆபத்து பெரியது. சொத்து விற்பனையில் 20 ஆயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம், அதுவும் அப்பாவுக்கு. வங்கியும் பத்திரத்தில் உள்ள விலையைப் பார்த்துத்தான் கடன் தரும். 20 லட்சப் பத்திரத்துக்கு 25 லட்சம் கடன் எப்படிக் கிடைக்கும்? இதையும் நினைத்துப் பாருங்கள்: 15 லட்சம் ரொக்கம் அந்த வீட்டு பீரோவில் இருக்கும்போது அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால், அந்தப் பணம் எங்கே என்று முதலில் உங்களைத்தான் கேட்பார்கள். ஆறு வருடம் அம்மாவைத் தூக்கி உட்கார வைத்தவரை அந்தக் கேள்விக்குமுன் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. முழுப் பணமும் வங்கி வழியாகவே போகட்டும்.

வரி உங்களுக்கு இல்லை, அப்பாவுக்கு

வழிகாட்டி மதிப்புக்குக் குறைந்து வாங்கினால் அந்த வித்தியாசம் வாங்குபவரின் வருமானமாகக் கணக்காகும் என்பது உண்மைதான். ஆனால் நெருங்கிய உறவினரிடம் வாங்கினால் அந்த விதி கிடையாது. பெற்றோர் அந்த உறவினர் பட்டியலில் இருக்கிறார்கள். அதனால் உங்களுக்குப் பயம் வேண்டாம்.

விற்பவருக்கு இந்தச் சலுகை இல்லை. யாருக்கும் எதிர்பாராமல் அடி விழுகிற இடம் இதுதான். அப்பா 35 லட்சத்துக்கு விற்றாலும், 54 லட்சத்துக்கு விற்றதாகவே அவருடைய மூலதன ஆதாயம், அதாவது சொத்தை விற்றதில் வந்த லாபம், கணக்கிடப்படும். பெற்ற மகள் என்றாலும் அப்படித்தான். கையில் வாங்காத 19 லட்சத்தையும் சேர்த்து அவர் கணக்குக் காட்ட வேண்டியிருக்கும். வீடு 2001-க்கு முந்தையது என்பதால், அடக்க விலையாக 2001 ஏப்ரல் 1-ஆம் தேதி மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். பணவீக்கத்தைக் கழித்து 20 சதவீதம், கழிக்காமல் 12.5 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதைக் கட்டலாம். வரி ஒன்றுமே வராமலும் போகலாம். ஆனால் பதிவுக்கு முன்னால் ஒரு ஆடிட்டரிடம் அப்பாவை அழைத்துப்போய்க் கணக்குப் போட்டுவிடுங்கள்.

மதிப்பு 50 லட்சத்தைத் தொட்டால், வாங்குபவராகிய நீங்கள் 1 சதவீதம் டிடிஎஸ், அதாவது அப்பாவின் கணக்கில் முன்கூட்டியே வருமான வரி, பிடித்துக் கட்ட வேண்டும். விலை 35 தானே என்று விட்டுவிடக் கூடாது, வழிகாட்டி மதிப்பும் கணக்கில் வரும். அப்பாவின் பான் எண் ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இணையாமல் செயலிழந்து கிடந்தால் பிடித்தம் 20 சதவீதமாகிவிடும்.

பாதி கிரயம், பாதி தானம்

முழு வீட்டையும் தான செட்டில்மெண்டாக, அதாவது பணம் வாங்காமல் குடும்பத்தாருக்குக் கொடுக்கும் பத்திரமாக, எழுதினால் செலவு மிகக் குறைவு என்று உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். பெற்றோர் பிள்ளைக்கு எழுதும் செட்டில்மெண்டுக்குத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40 ஆயிரம். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10 ஆயிரம். 2023 ஜூலையிலிருந்து இதுதான் நிலவரம். தானம் விற்பனை ஆகாது என்பதால் அப்பாவுக்கு ஆதாய வரியும் கிடையாது. ஆனால் நீங்கள் பணம் கொடுக்கிறீர்களே! 'பிரதிப்பிரயோஜனம் எதுவும் பெறாமல் அன்பினால் எழுதிக்கொடுத்தேன்' என்று பத்திரம் சொல்ல, அதே வாரம் அப்பாவின் கணக்கில் 35 லட்சம் ஏறினால், அந்தப் பத்திரம் பொய் சொல்கிறது. தானத்துக்கு வங்கி வீட்டுக் கடனும் தராது.

நடந்ததை நடந்தபடியே எழுத ஒரு வழி இருக்கிறது. 80 லட்சம் வீட்டில் பிரிபடாத பாதி பாகம், அதாவது சுவர் போட்டுப் பிரிக்காமல் மொத்த வீட்டிலும் பாதி உரிமை, என்றால் சந்தையில் 40 லட்சம். அப்பா பிரிபடாத பாதியை உங்களுக்குத் தான செட்டில்மெண்ட் எழுதட்டும். மறு பாதியை 35 லட்சத்துக்குக் கிரயம் செய்யட்டும். அந்தப் பாதியின் வழிகாட்டி மதிப்பு 27 லட்சம், நீங்கள் தருவதோ 35. ஆகவே குறை மதிப்பு என்ற பேச்சே எழாது. வாங்காத பணத்துக்கு அப்பா கணக்குக் காட்டவும் வேண்டாம். 50 லட்சத்துக்குள் இருப்பதால் டிடிஎஸ் வராது. செலவைப் பாருங்கள்: கிரயத்துக்கு 35 லட்சத்தில் 9 சதவீதம், 3 லட்சத்து 15 ஆயிரம். செட்டில்மெண்டுக்கு 27 ஆயிரமும் 10 ஆயிரமும். மொத்தம் 3 லட்சத்து 52 ஆயிரம். முழுக் கிரயத்தைவிட 1 லட்சத்து 34 ஆயிரம் குறைவு. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. அப்பா எதை விற்றார், எதைக் கொடுத்தார் என்பதை எந்தக் காலத்திலும் யாரும் பத்திரத்தைப் படித்தே தெரிந்துகொள்ளலாம்.

இரண்டும் உங்கள் ஒருவர் பெயரிலேயே இருக்கட்டும். செட்டில்மெண்டை முதலில் பதிந்து, கிரயத்தைப் பிறகு பதியுங்கள். ஆனால் பாதி பாகக் கிரயத்துக்குக் கடன் தருவார்களா, முழு வீட்டையும் எப்படி அடமானம் எடுப்பார்கள் என்று வங்கியில் எழுத்துமூலம் கேட்டுவிட்டே எதையும் தொடங்குங்கள். செட்டில்மெண்டை நீங்கள் ஏற்றுக்கொண்டதும் பத்திரத்தில் வர வேண்டும். பதிந்த பிறகு அப்பா தன்னிச்சையாக அதை ரத்து செய்ய முடியாது. இதை அவருக்கே உரக்கச் சொல்லிவிடுங்கள்.

அண்ணனும் தங்கையும்

நீங்கள் இந்துக் குடும்பம் என்று கடிதத்திலிருந்து எடுத்துக்கொள்கிறேன். அப்பா தன் சம்பளத்தில் தவணை கட்டிய வீடு என்பதால் அது அவருடைய சுயசம்பாத்தியம். அவர் உயிரோடு இருக்கும்போது அதில் உங்கள் மூவருக்குமே பங்கு கிடையாது. உங்கள் அம்மாவின் கையெழுத்துகூடச் சட்டப்படி கட்டாயமில்லை. ஆனால் தவணை கட்டியதில் தாத்தாவின் நிலத்தை விற்ற பணம் ஏதாவது இருந்தால், பேச்சே மாறலாம். பூர்வீகச் சொத்தில் பிள்ளைகளுக்குப் பிறப்பிலேயே பங்கு உண்டு. மகளுக்கும் மகனுக்குச் சமமாக உண்டு என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. அப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

'காசு கொடுத்து வாங்கினால் கேட்க முடியாது' என்பது பாதி உண்மை. பங்கு கேட்க முடியாது. ஆனால் "படுத்த படுக்கையான அம்மாவையும், வயதான அப்பாவையும் கைக்குள் வைத்திருந்தவள், 80 லட்சம் வீட்டை 35-க்கு எழுதி வாங்கிவிட்டாள்" என்று வழக்குப் போட முடியும். நீங்கள் அவர்களோடு இருந்து பராமரிப்பவர், செவிலியர், அப்பாவின் ஏடிஎம் அட்டை உங்களிடம் இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நம்பிக்கைக்குரிய இடத்தில் இருப்பவர், பத்திரம் நேர்மையாகத்தான் நடந்தது என்று நிரூபிக்கும் சுமை தன்மேல் விழும் நிலைக்கு வரலாம். வழக்குக்கான மூன்று வருடக் கெடு, பொதுவாக விஷயம் அவர்களுக்குத் தெரிந்த நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும். மறைத்தால் கெடு நீளும், கோபமும் நீளும்.

ஆகவே பதிவுக்கு முன்னால் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதைவிட அப்பா வாயால் சொல்வது நல்லது. "ஆறு வருஷமா பார்த்துக்கிறா, அதனால பாதியைக் குடுக்கிறேன்" என்று அவரே அண்ணனிடமும் தங்கையிடமும் சொல்லட்டும். அவர்களைப் பத்திரத்தில் சாட்சியாகப் போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சாட்சிக் கையெழுத்து, எழுதியவர் கையெழுத்துப் போட்டதைப் பார்த்தேன் என்பதற்கு மட்டும்தான். உள்ளே இருப்பதற்குச் சம்மதம் என்று அதனாலேயே ஆகிவிடாது. விவரம் தெரிந்து சம்மதிக்கிறோம் என்று ஒப்புதல் தரப்பாகவே அவர்கள் கையெழுத்திடுவதுதான் பயன்.

அண்ணன் கொடுத்த 3 லட்சம் அவரை மேல்மாடிக்கு உரிமையாளர் ஆக்காது. ஆனால் 2006-இல் 3 லட்சம் சின்னத் தொகை இல்லை. அதை நினைவில் வைத்து, அப்பா கையில் வரும் பணத்திலிருந்து திருப்பிக் கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள் என்பது என் யோசனை. கடன் 11 லட்சம் போக, மீதியில் இது போக, 21 லட்சம் இருக்கும். அந்தப் பணத்தை அப்பா தன் பெயரிலும் அம்மா பெயரிலும் வைப்புத்தொகையாகப் போட்டு, இருவர் காலத்துக்கும் பிறகு அண்ணனுக்கும் தங்கைக்கும் என்று உயில் எழுதலாம். எழுதுவதா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். வங்கியில் நாமினி போட்டால் மட்டும் போதாது. நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளத்தான், சொந்தக்காரர் ஆவதற்கு இல்லை.

அப்பாவுக்கு வேறொரு வழக்கறிஞர் வேண்டும். உங்களுக்குப் பத்திரம் எழுதுபவரே அவருக்கும் யோசனை சொன்னால், பிறகு அதற்கு மதிப்பில்லை. பதிவுக்கு ஒன்றிரண்டு நாள் முன்பு, அவர் தெளிவான மனநிலையில் இருக்கிறார் என்று வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் சான்று வாங்குங்கள். நீங்கள் வேலை செய்யும் பிரிவின் மருத்துவராக அவர் இருக்க வேண்டாம். பதிவு நாளில் சார்பதிவாளர் அப்பாவைப் பார்த்து, "பத்திரத்தைப் படிச்சீங்களா? பணம் வந்துடுச்சா?" என்று கேட்பார். அந்தப் பதிலை அப்பாவே சொல்ல வேண்டும். பக்கத்தில் நின்று "ஆமா சார்" என்று நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள். வயதானவர்களுக்கு ரேகை தேய்ந்துபோய் கருவியில் விரல் பதியாமல் நாலைந்து முறை வைக்கச் சொல்வார்கள். பதறாமல், காலையிலேயே சாப்பிட வைத்து அழைத்துப்போங்கள்.

"நாங்க எங்க போறோம்"

அப்பா சொன்ன அந்த வாக்கியத்துக்குப் பத்திரத்தில் இடம் வேண்டும். பதிவு முடிந்த அடுத்த நிமிடம் சட்டப்படி அது உங்கள் வீடு. மேல்மாடி வாடகை மாதம் 9 ஆயிரமும் உங்களுடையது. அந்த வாடகையில்தான் அம்மாவின் மாத்திரை வாங்குகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். செட்டில்மெண்டில் இரண்டு விஷயங்களைச் சேர்க்கச் சொல்லுங்கள். அப்பா அம்மா இருவரும் ஆயுள்வரை கீழ்த்தளத்தில் குடியிருக்கும் உரிமையும், மேல்மாடி வாடகை அவர்களுக்கே என்பதும் ஒன்று. அவர்களுடைய அடிப்படைத் தேவைகளை நீங்கள் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனை மற்றொன்று. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தில் 23-ஆம் பிரிவு, அந்த நிபந்தனை மீறப்பட்டால் எழுதிக்கொடுத்ததைச் செல்லாது என்று அறிவிக்கக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் தருகிறது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தை முதியவர்களுக்குச் சாதகமாகவே பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. இது உங்களுக்கு எதிரானது என்று நினைக்காதீர்கள். பெற்றவர்களை வெளியே அனுப்ப நினைக்கிற எந்தப் பிள்ளையும் இப்படி எழுதச் சொல்லமாட்டாள், நாளைக்கு வழக்கு வந்தால் உங்களுக்காகப் பேசுவதே இந்த வரிகள்தான்.

வங்கி இதை விரும்பாது. ஆயுள் உரிமை இருக்கும் வீட்டை அடமானம் எடுக்கத் தயங்கும், பெற்றோரையும் கையெழுத்திடச் சொல்லும். அந்தக் கையெழுத்தின் பொருள் என்ன என்று யோசியுங்கள். 25 லட்சத்துக்கு எட்டரை சதவீத வட்டியில் 15 வருடத் தவணை மாதம் சுமார் 24,600 வரும். 90 நாள் பாக்கி நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகும். வங்கிகளின் கடன் வசூலுக்கான 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, சிவில் நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமலேயே வங்கி வீட்டைக் கையகப்படுத்தலாம். கடனே இல்லாத வீட்டில் 38 வருடங்களுக்கு மேல் இருந்தவர்களை, உங்கள் சம்பளமும் பட்டறை வருமானமும் நின்றால் கலங்குகிற வீட்டில் வைக்கப் போகிறீர்கள். அப்பாவுக்கு உடனே வேண்டியது 35 லட்சமா, 11 லட்சக் கடன் தீர்வதா என்று அவரிடம் மனம்விட்டுக் கேளுங்கள். கடன் தீர்ந்தால் போதும், ஓய்வூதியமும் வாடகையும் இருக்கிறது என்று அவர் சொன்னால், சிறு பாகத்தை மட்டும் வாங்கி, கடனையும் சிறிதாகவே எடுக்கலாம். எப்படியானாலும் கடன் தொகைக்கு உங்கள் பெயரில் ஒரு டேர்ம் இன்சூரன்ஸ் எடுத்துவிடுங்கள்.

அண்ணன் பொங்கலுக்கு வருகிறார் என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் வாரியத்தின் கிரயப் பத்திரம் இருக்கிறதா என்று பார்த்து, வில்லங்கச் சான்றும் எடுத்து வையுங்கள். பத்திர எழுத்தர் கேட்கும் முன்பணத்தையும், அப்பாவிடம் கொடுக்க நினைத்திருக்கும் 2 லட்சம் அட்வான்சையும் அதுவரை நிறுத்தி வையுங்கள்.